கர்ரென்று ஒரு காந்தாரம்: கியூதோ மடத்தில் ஒரு காலை

முதலில் பஸ்ஸைத் திட்டிவிடுகிறேன். அப்போதுதான் மனசு ஆறும்.

டெல்லி மஜ்னு கா டீலாவிலிருந்து தர்மசாலாவுக்கு 475 கிலோமீட்டர் சொச்சம். ராத்திரி ஏறினால் காலையில் இறங்கலாம். சாய்வு இருக்கை, ஏசி, போர்வை என்று மூன்று வாக்குறுதி கொடுத்துத் தலைக்கு 1,300 ரூபாய் வாங்கினார்கள். என் இருக்கை சாய்ந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் திரும்ப நிமிரவில்லை. பஞ்சாப் முழுவதையும் பின்சீட்டுப் பாட்டியின் மடியில் தலைவைக்காத குறையாகக் கடந்தேன். பாட்டி பாவம், ஒன்றும் சொல்லவில்லை, அவ்வப்போது பெருமூச்சு மட்டும் விட்டார். ஏசி எலும்பு வரை குளிர்ந்தது, போர்வை 'தீர்ந்துபோச்சு'. விடிகாலையில் வளைவுகள் தொடங்கியதும் முன்வரிசையில் ஒருவர் வாந்தி எடுக்க, அது வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. போதும், விட்டுவிடுகிறேன்.

போனது இரண்டு பேர். நான் கல்லூரியில் பேஸ் கிட்டார் வாசித்தவன், கூட வந்தவன் அதே குழுவின் டிரம்மர். மெட்டல் குழு, அதாவது ராக்கிலேயே உறுமல் வகை. மொத்தம் ஐந்து பாட்டு, மூன்று கச்சேரி, அதில் ஒன்றில் கரண்ட் போய்விட்டது. இப்போது அவனுக்கு வங்கி, எனக்கு எக்செல் ஷீட். பத்து வருஷமாக 'ஒரு நாள் போவோம்டா' என்று சொல்லிக்கொண்டிருந்த இடம் கியூதோ. ஜப்பானின் கியோட்டோ இல்லை. தர்மசாலாவுக்குக் கீழே சித்பாரியில் இருக்கும் திபெத்திய தாந்திரிக மடம். 1474-ல் திபெத்தில் தொடங்கியது, 1959-க்குப் பிறகு தப்பி வந்த துறவிகளால் இந்தியாவில் மறுபடி முளைத்தது. எங்களுக்கு அதன் பெயர் தெரிந்தது ஆன்மிகத்தால் அல்ல. கிரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் 1980-களில் இந்தத் துறவிகள் ஓதுவதைப் பதிவு செய்து வெளியிட்டார் என்று எங்கோ படித்ததால். ஒரு ராக் டிரம்மர் எதற்குத் துறவிகள் பின்னால் அலைந்தார் என்று எங்கள் டிரம்மருக்கு அன்றிலிருந்து குடைச்சல்.

தங்கியது தர்மசாலாவுக்கு மேலே இருக்கும் மெக்லியோட் கஞ்சில், அறை 900 ரூபாய். வெந்நீர் வரும் என்றார்கள், வந்தது, நான் சோப்பு போட்டு முடிக்கும் வரை.

அந்த ஊர்க் கடைத்தெருவைப் பற்றி எனக்கு ஒரு கோபம் உண்டு. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் புல்லாங்குழலும் ஓடைச் சத்தமும் கலந்த ஒரு சிடி ஓடுகிறது. அதன் நடுவே யாரோ மெல்ல 'ஓம் மணி பத்மே ஹும்' என்று தாலாட்டுகிறார்கள். இதுதான் 'திபெத்திய இசை' என்று மசாஜ் பார்லர் முதல் யோகா வகுப்பு வரை விற்கிறார்கள். பக்கத்திலேயே பித்தளைக் கிண்ணம், விளிம்பைத் தேய்த்தால் ரீங்காரமிடும். 3,500 ரூபாய் சொன்னார், நான் நகர ஆரம்பித்ததும் 1,800 ஆனது. அப்படியும் வாங்கிவிட்டேன். ஏமாளிக்கு மலை ஏறினாலும் ஏமாளித்தனம் இறங்காது.

மறுநாள் விடிகாலை அஞ்சரை மணிக்கு டாக்ஸி. சித்பாரிக்குப் போய்வர 1,500, காத்திருப்புக் கூலி தனி. 'இந்த நேரத்துக்கு பஸ் கிடையாது பாய்சாப்' என்றார் டிரைவர். அது உண்மைதான், ஆனால் திரும்பும்போது பஸ் உண்டு என்பதை அவர் சொல்லவில்லை. மடத்து வாசலிலேயே பேரம் பேசி, போகும் கூலியை மட்டும் கொடுத்து அனுப்பினோம். 800 ரூபாய். இன்னமும் எரிகிறது.

சரி, மடம். மஞ்சள் கட்டடம், பின்னால் தௌலாதர் மலை பனியோடு சுவர் மாதிரி நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தோம். மெரூன் அங்கி போட்டவர்கள் எதிரெதிர் வரிசைகளில். முதல் அரை மணி எனக்குப் பெரிய ஏமாற்றம். ஒரே சுருதியில் வேகவேகமாக ஓதினார்கள், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. கடைசி வரிசையில் ஒரு பொடியன் துறவி பக்கத்துத் தோளில் சாய்ந்து தூங்கினான். இன்னொரு பொடியன் பெரிய கெட்டிலோடு ஓடி ஓடி டீ ஊற்றினான், எங்களுக்கும் சேர்த்து. உப்பும் வெண்ணெயும் போட்ட டீ. டீ என்று நினைத்துக் குடித்தால் துப்பத் தோன்றும், சூப் என்று நினைத்துக்கொண்டால் பரவாயில்லை.

அப்புறம் அது வந்தது.

ஓதலை நடத்துபவரை உம்சே என்கிறார்கள். வயதானவர், ஒல்லி உடம்பு. அவர் மட்டும் தனியாக ஒரு சத்தத்தை எடுத்தார். பாட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. தண்ணி லாரி தூரத்தில் ஐடிலிங்கில் நிற்கிற மாதிரி ஓர் உறுமல். ஒருவர், இருவர், பத்துப் பேர் என்று சேரச் சேர, அது காதை விட்டு இறங்கி உட்கார்ந்திருந்த பலகைக்குப் போனது. தொடை எலும்பில் கேட்டது என்றால் நம்புங்கள். என் நண்பன் என் முழங்கையைப் பிடித்து, "மச்சான், ஆம்ப் எங்கடா வச்சிருக்காங்க?" என்று கிசுகிசுத்தான். ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி எங்கேயும் இல்லை.

இந்தக் குரலின் அடிச்சுருதி 70 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். என் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41, சாதாரண கிட்டாரின் தடித்த கம்பி 82. அதாவது மனிதத் தொண்டை கிட்டாருக்கும் கீழே இறங்கி பேஸின் எல்லைக்குள் வந்து உட்கார்கிறது. சாதாரணக் குரல் நாண்களுக்கு மேலே பொய்க்குரல் நாண்கள் என்று இரண்டு மடிப்புகள் நம் எல்லோருக்கும் உண்டு, பேசும்போது சும்மா இருக்கும். இவர்கள் அவற்றையும் அதிர வைக்கிறார்கள். கீழ்நாண் இரண்டு முறை அதிர, மேலே இருப்பது ஒரு முறை அதிரும். உடனே சுருதி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும்.

மெட்டல் பாடகர்களின் உறுமலிலும் வேலை செய்வது இதே பொய்க்குரல் நாண்கள்தான். வித்தியாசம், அங்கே அவை தாறுமாறாக அதிரும், இங்கே கணக்குத் தப்பாமல். எங்கள் குழுவின் பாடகன் ஒவ்வொரு கச்சேரிக்கும் பிறகு மூன்று நாள் ஊமையாகத் திரிவான், அவன் அம்மா மிளகுப்பால் கொடுத்து எங்களை முறைப்பார். அந்த அம்மாவுக்கு இந்த மண்டபத்தைக் காட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்டது. உறுமலுக்கு மேலே, யாரும் பாடாத ஒரு மெல்லிய சுரம் விசில் மாதிரி மிதந்தது. தம்புரா மீட்டும் வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். மந்தர ஷட்ஜக் கம்பியிலிருந்து தானாகக் கிளம்புமே, அந்தர காந்தாரம், அதுதான். அடிச்சுருதியின் ஐந்தாவது, பத்தாவது மேற்சுரங்களை வாயின் வடிவத்தாலேயே தூக்கிவிடுகிறார்கள். ஒரே தொண்டையில் ஷட்ஜமும் காந்தாரமும். 1964-ல் ஹூஸ்டன் ஸ்மித் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைக் கேட்டு அசந்துபோய்ப் பதிவு செய்தார், 1967-ல் ஒலியியல் ஆய்விதழில் கட்டுரையே வந்தது. நடுவில், 1966-ல், லண்டனில் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனான் தன் குரல் மலை உச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது போல் கேட்க வேண்டும் என்று அடம்பிடிக்க, ஆர்கனுக்கான சுழலும் ஸ்பீக்கர் வழியாக அவர் குரலை அனுப்பினார்கள். அசலுக்கு ஸ்பீக்கரே தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

உறுமல் நின்றதும் வாத்தியங்கள். மூன்று மீட்டர் நீள துங்சென் எக்காளம், நம் நாகஸ்வரத்தின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி கியாலிங், கம்பில் நிற்கும் பெரிய முரசு. ஜால்ரா என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும் அளவில் ரோல்மோ. ரோல்மோவை நிதானமாக ஒவ்வொரு தட்டாகத் தொடங்கி, இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் வெறும் நடுக்கமாக்கி விடுகிறார்கள். மேலே எழுப்பிவிட்ட பந்து துள்ளித் துள்ளி அடங்குமே, அந்தக் கணக்கு. எத்தனை அட்சரம் என்று எண்ணிப் பார்த்த டிரம்மர் நாலாவது சுற்றில் கைவிட்டான்.

சுவரில் இருந்த தங்கா ஓவியத்தில் எருமைத் தலையோடு, மண்டையோட்டு மாலையோடு, நெருப்பு சூழ ஒரு தெய்வம். வஜ்ரபைரவர், யமாந்தகர் என்றும் பெயர். யமனுக்கே யமன். நம் திருக்கடையூர்க்காரர் செய்த அதே வேலை, தோற்றம்தான் வேறு. எங்கள் மெட்டல் குழுவின் போஸ்டரில் இதைவிட சாதுவான மண்டையோடு போட்டதற்கே கல்லூரி முதல்வர் கூப்பிட்டுக் கண்டித்தார். இவர்கள் குரலைக் காளையின் குரல் என்றே சொல்கிறார்கள். இதைத்தான் மேலே கடைத்தெருவில் ஓடைச் சத்தம் கலந்து தூக்க மருந்தாக விற்கிறார்கள். இது தூங்க வைக்கிற சங்கதியே இல்லை (அந்தப் பொடியனை விடுங்கள்).

ஆனால் 'துறவிகளும் ராக் ஸ்டார்கள்தான்' என்று எழுதுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒருவர்கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. ராக் மேடையில் எல்லாம் எங்களைப் பார் என்பதுதான். இங்கே வரிசைகள் எதிர்வரிசையைப் பார்த்து ஓதின. நாங்கள் வராவிட்டாலும் அதே சத்தம், அதே உப்பு டீ. முடிந்ததும் டிரம்மர் பழக்க தோஷத்தில் கை தட்டப் போனான், நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே படிக்கட்டில் ஒரு இளந்துறவியிடம் அவன் தன் அரைகுறை ஹிந்தியில், "தொண்டை வலிக்காதா பையா?" என்று கேட்டான். "வலிச்சா தப்பாப் பண்றோம்னு அர்த்தம்" என்று சிரித்தார். ஓதல் புத்தகத்தை விரித்தும் காட்டினார். எழுத்துகளோடு, அலை அலையாக வளைந்து ஏறி இறங்கும் கோடுகள். யங்யிக் என்று பெயராம். எந்த இடத்தில் குரல் புரள வேண்டும், எங்கே தடிக்க வேண்டும் என்பதன் படம். கிட்டார் டேப் (எந்தக் கம்பியில் எங்கே விரல் வைப்பது என்று காட்டும் குறிப்பு) பார்த்துப் பழகிய எனக்கு, சுரத்துக்குப் பெயரே எழுதாமல் குரல் போகும் வழியை மட்டும் வரைந்த அந்தக் கோடுகள் மேல் பொறாமையாக இருந்தது.

திரும்பும்போது தர்மசாலாவுக்கு லோக்கல் பஸ், தலைக்கு 20 ரூபாய். நல்ல பஸ். அங்கிருந்து ஷேர் ஜீப்பில் மெக்லியோட் கஞ்ச். அங்கே ஒரு சந்துக்கடையில் தெந்துக், கையால் பிய்த்துப் போட்ட பட்டை நூடுல்ஸ் சூப், 120 ரூபாய். கூடத் திங்மோ, நம் இட்லியை மடித்துச் சுருட்டினால் வரும் பஞ்சு. இரண்டாவது கிண்ணமும் சொன்னோம், மதியச் சாப்பாட்டுச் செலவு மிச்சம். மாலையில், காலை வந்த டாக்ஸிக்காரரை நினைத்து இன்னொரு கிண்ணம்.

மண்டபத்துக்குள் பதிவு செய்யக் கூடாது. வெளிப்படிக்கட்டில் நின்று பதிவு செய்யலாமா என்று கேட்டபோது தலையாட்டினார்கள், நாலு நிமிஷம் கிடைத்தது. பஸ்ஸில் போனில் போட்டுப் பார்த்தால் காக்கா சத்தமும் ரோல்மோவும்தான். 70 ஹெர்ட்ஸுக்குப் போன் ஸ்பீக்கர் எங்கே போகும்? ஊருக்கு வந்ததும் பரணிலிருந்து பேஸ் ஆம்பை இறக்கி, தூசி தட்டி, இணைத்துப் போட்டேன். ஜன்னல் கண்ணாடி லேசாக நடுங்கியது. 1,800 ரூபாய்க் கிண்ணமும் அலமாரியில் தானாகக் கிணுகிணுத்தது.

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள்: "யாருடா அது, தண்ணி ஊத்தாம கிரைண்டரைப் போட்டது?"