சீலோவாம் படியில் பாட்டி கேட்ட கேள்வி

எருசலேமுக்குப் போகிறவர்கள் கல்லறை ஆலயத்தையும் ஒலிவ மலையையும் பார்க்கத்தான் பறப்பார்கள். எனக்கோ சீலோவாம் குளம்தான் வேண்டும். யோவான் சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்துப் பிறவிக் குருடன், இயேசு கண்ணில் பூசிய சேற்றோடு வந்து கழுவிப் பார்வை பெற்ற இடம்.

கீகோன் ஊற்றிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவர எசேக்கியா ராஜா வெட்டிய சுரங்கம் 533 மீட்டர். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினோம். தண்ணீர் சில்லென்று இருந்தது. இரண்டு தோளும் பாறையில் உரசின. செல்போன் வெளிச்சத்தில் உளி பட்ட தழும்புகள் நேற்று கொத்தியதுபோல் தெரிந்தன. இரு முனையிலிருந்தும் வெட்டி வந்தவர்கள் நடுவில் சந்தித்திருக்கிறார்கள். மூன்று முழம் பாறை மிச்சமிருந்தபோது ஒருவர் மற்றவரைக் கூப்பிடும் குரல் கேட்டதாம். இதைச் சொல்லும் கல்வெட்டு 1880-இல் இந்தச் சுவரில் கிடைத்தது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அங்கேதான் எனக்கு அந்தக் குருடன் ஞாபகம் வந்தான். அவனுக்கும் முதலில் கிடைத்தது குரல்தான். பார்வை வந்தபோது பக்கத்தில் இயேசு இல்லை. "அவர் எங்கே?" என்று ஊரார் கேட்டால், தெரியாது என்கிறான். யூத மதத் தலைவர்களான பரிசேயர் திரும்பத் திரும்பக் குடைந்தபோது, "நீங்களும் அவருக்குச் சீஷராகப் போகிறீர்களோ?" என்று மடக்கினானே, அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெளியே தள்ளிவிட்டார்கள். அப்புறம் இயேசுவே அவனைத் தேடி வந்து, தேவனுடைய குமாரனை விசுவாசிக்கிறாயா என்று கேட்கிறார். "அவர் யார், ஆண்டவரே?" என்கிறான். முகம் புதிது. குரலை அடையாளம் கண்டிருப்பானோ?

சுரங்கம் முடிகிற இடத்தில் உள்ள சின்னக் குளத்தைத்தான் வெகுகாலம் சீலோவாம் என்று வணங்கினார்கள். 2004-இல் கழிவுநீர்க் குழாய் வேலைக்குத் தோண்டியபோது, சற்றுத் தள்ளி அகலமான கற்படிகள் வெளிப்பட்டன. இயேசுவின் காலத்துக் குளம் அதுதான்.

சுரங்கத்தில் இறங்க முடியாத பாட்டி ஒருவர் வேனில் வந்து அந்தப் படியில் உட்கார்ந்திருந்தார். போதகர் வேதபாகத்தை வாசித்து முடித்ததும், பாட்டி, யூத ஆலயம் இருந்த கோவில் மேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, அங்கேயிருந்து இங்கே இவ்வளவு இறக்கம். கண்ணு தெரியாதவனை யாரு கூட்டிட்டு வந்தா?"

போதகர் மறுபடி வேதத்தைப் புரட்டினார். "அது எழுதலையேம்மா" என்றார்.

"யாரோ கையைப் பிடிச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்திருக்க என் பக்கம் கையை நீட்டினார் பாட்டி.