அரிசி வேண்டாம் என்ற ஆயா

ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஆறரை மணிக்கு, கிருஷ்ணகிரியில் எங்கள் பங்கு ஆலயத்தை ஒட்டிய சிறிய அறையில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஒன்பது பேர் கூடுகிறோம். செபம் முடிந்ததும், சென்ற வாரம் யார் எந்த வீட்டைச் சந்தித்தார்கள் என்ற அறிக்கை வாசிக்கப்படும். அதன் பிறகு ஒரு துணிப்பை கைமாறி வரும். மூடிய கையை உள்ளே விட்டு, விரித்து, மீண்டும் மூடியபடியே எடுக்க வேண்டும் என்பது முறை. ஐந்நூறு ரூபாய் போட்டவர் யார், பத்து ரூபாய் போட்டவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. வேலை இல்லாமல் இருந்த நான்கு மாதங்களில் வெறுங்கையைப் பைக்குள் விட்டு எடுத்தவன் நான் என்பதால், இந்த முறையை ஏற்படுத்தியவர்மீது எனக்குத் தனிப்பட்ட நன்றி உண்டு.

இச்சபை 1833ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தொடங்கியது. உங்கள் திருச்சபை ஏழைகளுக்கு இன்று என்ன செய்கிறது என்று ஒரு விவாதத்தில் எழுந்த கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறிய பிரடெரிக் ஓசனாம் என்ற இருபது வயதுச் சட்ட மாணவர், தம் நண்பர்களுடன் ஏழைகளின் வீடுகளுக்கே நேரில் போகத் தொடங்கினார். எந்த வீட்டுக்குப் போவது, அங்கே எப்படி உட்காருவது, எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரோசலி ரெந்து என்ற அருட்சகோதரி. புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் ஓசனாமுக்கு அளிக்கப்பட்ட 1997ஆம் ஆண்டில்தான், சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து எங்கள் தர்மபுரி மறைமாவட்டம் உருவானது. தற்செயல்தான் என்றாலும், சபைக் கூட்டங்களில் இதை நான் அடிக்கடி சொல்லிக்காட்டுவதுண்டு.

சென்ற தவக்காலத்தில், இருபது வீடுகளுக்கு ஐந்து கிலோ அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொடுப்பதென முடிவு செய்தோம். சபையின் வழக்கப்படி இருவர் இருவராகப் போனோம்; என்னுடன் வந்தவர் சபையில் மூத்தவரான ஓர் அண்ணன். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்த ஆயாவிடம் பையை நீட்டியபோது, பங்கின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்காக நான் கைபேசியை உயர்த்தினேன். ஆயா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். சுவரில் மாரியம்மன் படமும், அதன் கீழே காலியான மாத்திரை அட்டைகள் நான்கைந்தும் ரப்பர் வளையத்தில் கட்டித் தொங்கின.

"அரிசி ரேசன்லயே சும்மா குடுக்கறாங்க கண்ணு. இத வெச்சிகினு நான் என்னா பண்றது? மாத்திர தீந்து பதினஞ்சு நாளாச்சி, அதுக்கு யாராச்சும் வழி பண்ணுங்க" என்றார்.

அவருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருந்தன. மகன் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். மாதம் ஒருமுறை வந்து போகிறார். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம்தான், ஆனால் முட்டி வலியோடு அங்கே போய்வர ஆட்டோவுக்கு நூற்றறுபது ரூபாய் ஆகிறது. வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. கணவர் இறந்த பிறகு கிராமத்திலிருந்து இங்கே குடிவந்த ஆயாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு தெரு தள்ளி இருந்த நாங்கள் சொல்லவில்லை. அவர் அங்கே இருக்கிறார் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த குழுவான எங்கள் அன்பியத்தில் இருபத்து நான்கு குடும்பங்கள். மாதம் ஒரு வீட்டில் கூடி, செபமாலை சொல்லி, இறைவார்த்தை வாசித்துப் பகிர்ந்துகொள்கிறோம். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை எத்தனை முறை வாசித்திருப்போம் என்று கணக்கில்லை. இறுதித் தீர்ப்பைப் பற்றிய அந்தப் பகுதியில், பசித்தவருக்கு உணவு கொடுத்தது பேசப்படும் அதே மூச்சில், நோயுற்றவரைப் பார்க்கப் போனதும் பேசப்படுகிறது. நாங்கள் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு விட்டோம். அரிசியை எடை போடலாம், படம் பிடிக்கலாம், வரவு செலவில் எழுதலாம். திருப்பலியின் மன்றாட்டுகளில் ஏழைகளுக்காகவும் நோயாளர்களுக்காகவும் ஞாயிறு தவறாமல் வேண்டுகிறோமே, அந்த நோயாளர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று கேட்டால் எங்களில் எத்தனை பேர் சொல்வோம்? தேர்பவனிக்கும் மின்விளக்குகளுக்கும் செலவு செய்வதைக் குறை சொல்பவன் அல்லன் நான். சிறுவயதில் அந்த விளக்குகளைப் பார்ப்பதற்காகவே கோயிலுக்கு ஓடியவன். ஆனால் திருவிழாவுக்கு வரி கேட்டுப் படியேறும் வீடுகள் எல்லாம் நமக்குத் தெரிகின்றன. வரி கேட்க முடியாத வீடுகள் கண்ணில் படுவதில்லை.

துணை சுகாதார நிலையத்துக்கு இரண்டு நடை போய் ஆயாவைப் பதிவு செய்தோம். இப்போது தன்னார்வலர் பெண்மணி ஒருவர் மாதந்தோறும் வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். ஆயா கிறிஸ்தவர் அல்லவே என்று சபையில் ஒருவர் தயங்கிக் கேட்டார். மதம் பார்ப்பது சபையின் விதியிலேயே இல்லை என்று அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார். நாங்கள் இன்னும் போய்வருகிறோம், பெரும்பாலும் வெறுங்கையோடுதான். "மாதா கோயில்காரங்க வந்துட்டாங்க" என்று திண்ணையில் பாயை உதறிப் போடுவார்.

அந்த அரிசிப்பை என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். ஆயா அதை எங்களிடமே திருப்பிக் கொடுத்து, எதிர்வீட்டைக் கைகாட்டினார். அங்கே கட்டட வேலைக்கு வந்த வடக்கத்திக் குடும்பம் ஒன்று, இரண்டு குழந்தைகளோடு வாடகைக்கு இருந்தது. "அதுங்களுக்கு இங்க கார்டு இல்ல, கடையில வெல குடுத்துதான் வாங்குதுங்க. அங்க குடுங்க" என்றார். கொடுத்தோம், கைபேசி சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது.

அந்த வாரச் சனிக்கிழமை அறிக்கை எழுதும்போது, இந்தக் குடும்பத்தைப் பரிந்துரைத்தவர் யார் என்ற இடத்தில் வழக்கமாகப் பங்குத்தந்தையின் பெயரோ, அருட்சகோதரிகளின் பெயரோ வரும். நான் 'ஆயா' என்று எழுதினேன். செயலர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவருடைய பெயர் என்ன என்று கேட்டார். நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அரை மணி நேரம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தும், இருவருமே கேட்டிருக்கவில்லை. குறிப்பேட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டு, மறுநாள் பூசை முடிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போனோம்.