பாம்பெர்க்கில் ஹென்றியார் கல்லறை முன்னே

"பிள்ளை பிறந்தாலும் சரி, பிறக்காவிட்டாலும் சரி, ஹென்றியார் கல்லறையில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்துவிடுங்கள்." மாமியார் நேர்ந்துகொண்டது இது. ஜூலை 13, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியை ஆண்ட புனித ஹென்றியாரின் திருநாளில் பிறந்ததால்தான் என் வீட்டுக்காரருக்கும் ஹென்றி என்று பெயர். மாமியார் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஜெர்மனியில் பாம்பெர்க் போகும் வழி எங்களுக்குத் திறந்தது.

பேராலயம் குன்றின்மேல் நிற்கிறது. கல் பாவிய ஏற்றம். என் முழங்கால் பாதியிலேயே மறுத்துவிட்டது. அருள் நிறைந்த மரியே சொல்லிச் சொல்லித்தான் ஏறினேன். உள்ளே நுழைந்தால் ஒரே இரைச்சல். தூணருகே குதிரைமேல் அமர்ந்த கல் வீரன் சிலையைப் படம்பிடிக்க அவ்வளவு தள்ளுமுள்ளு! புனிதருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கதை சொல்கிறார் ஒரு வழிகாட்டி. மனசு வலித்தது.

கூட்டம் விலகியதும் கல்லறை தெரிந்தது. பேரரசர் இரண்டாம் ஹென்றியும் அரசி குனிகுந்தாவும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். சிற்பி ரீமன்ஷ்னைடர் 1499 முதல் 1513 வரை செதுக்கிய வேலை. பக்கவாட்டில், பழிச்சொல்லைத் துடைக்கப் பழுக்கக் காய்ந்த கலப்பைக் கொழுக்களின்மேல் நடக்கிறாள் அரசி. அந்த இடத்தில் என் கால்கள் நகரவே இல்லை. குழந்தையில்லாத பெண் எத்தனை பேச்சுகளை மிதித்து நடக்கிறாள் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும்.

அவர்களுக்கும் பிள்ளை இல்லை. 1007-ல் பிராங்க்பர்ட்டில் கூடிய ஆயர்கள் முன் பேரரசர் (அப்போது அரசர்தான்) தரையில் விழுந்து விழுந்து கெஞ்சினார்: எனக்கு வாரிசு வரும் நம்பிக்கை இல்லை, கடவுளையே வாரிசாக்குகிறேன், பாம்பெர்க்கை மறைமாவட்டமாக்குங்கள் என்று. வூர்ஸ்பர்க் ஆயருக்கு அதில் மனமில்லை. தம் பகுதியை அல்லவா பிரித்துக் கொடுக்க வேண்டும்! ஆனாலும் காரியம் நடந்தது.

அவர் அரசியலே தெரியாத சாது என்று நினைக்க வேண்டாம். 1002-ல் முந்தைய பேரரசர் மூன்றாம் ஓட்டோவின் உடல் இத்தாலியிலிருந்து வந்தபோது, கூட வந்த கொலோன் பேராயரைப் பிடித்துவைத்துத்தான், ஆட்சி உரிமைக்கு அடையாளமான புனித ஈட்டியை வாங்கினார். கிறிஸ்தவரான போலந்து ஆட்சியாளர் போலெஸ்லாவை எதிர்க்க, திருமுழுக்குப் பெறாத லியூட்டிசி மக்களோடு கைகோத்தார். அந்தக் காலத்திலேயே மறைபரப்பு ஆயர் குவெர்ஃபுர்ட் புருனோ அவரைக் கண்டித்து எழுதினார். அந்தக் கண்டிப்பு நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். இத்தனைக்கும் பிறகு 1146-ல் திருச்சபை அவரைப் புனிதராக்கியது, 1200-ல் குனிகுந்தாவையும். குறையுள்ள மனிதரையும் ஆண்டவர் தள்ளிவிடவில்லையே, அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

வீட்டுக்காரர் மெழுகுதிரி ஏற்றினார். கை நடுங்கியது. "அம்மா, வந்துட்டோம்மா" என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. பிள்ளை வரம் கேட்கத்தான் வாயெடுத்தேன். வந்ததோ நன்றி, நன்றி என்ற ஒரே வார்த்தை. இந்த மனிதரைத் தந்ததற்கு, அந்த மாமியாரைத் தந்ததற்கு, மறுத்த முழங்காலை மேலே கொண்டுவந்து சேர்த்ததற்கு. 1014-ல் ரோமையில் முடிசூடிய ஹென்றியார் கேட்டுக்கொண்டதால்தான் ரோமைத் திருப்பலியில் விசுவாச அறிக்கை பாடும் வழக்கமே வந்தது. அதை அவர் காலடியில் இருவரும் தமிழில் சொன்னோம்.

பிள்ளைக்காகக் காத்திருக்கும் எல்லாருக்காகவும் அங்கே மன்றாடியிருக்கிறோம். இதை வாசிக்கும் நீங்களும் அதில் உண்டு.