டாக்டரம்மா இருமச் சொன்னார்

வலது தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும், மூட்டை தூக்கினால் வெளியே வந்து நிற்கும். போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் இருபது வருடமாக மூட்டை ஏற்றி இறக்குகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் "ஓதம்ணே, வயசானா வரும்" என்றார்கள். முதலில் பார்த்த மருத்துவர் இது குடலிறக்கம் என்று சொல்லி, இடுப்பில் கட்ட ஒரு பெல்ட் எழுதிக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டே இரண்டு வருடம் மூட்டை தூக்கினேன். வீக்கம் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தது. வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டையைப் பெல்ட் அடைக்காது, வீக்கத்தை அமுக்கி மட்டும் வைக்கும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

மகள்தான் மதுரையில் குடலிறக்கத்துக்குத் துளை போட்டு ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா ஒருவரை விசாரித்து, வீடியோவில் பேச நேரம் வாங்கினாள். இருமல் உண்டா, பீடி உண்டா, முக்கி மலம் கழிக்கிறீர்களா, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா என்று வரிசையாகக் கேட்டார். "இருமினாலும் முக்கினாலும் வயித்துக்குள்ள அழுத்தம் ஏறும்ணா. முதல்ல பீடியை விடுங்க" என்றார். அப்புறம் சொன்னதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது: "போன்ல பார்த்து ஆபரேஷன் முடிவு பண்ண மாட்டேன். ஒரு தடவை நேர்ல வாங்க."

நேரில் போனபோது நிற்க வைத்து, விரலை வைத்து, இருமச் சொன்னார். வலது பக்கம் தெரிந்ததுதான். இடது பக்கமும் சின்னதாக ஒன்று முட்டியது. எனக்கே தெரியாத ஒன்று. வயிற்றைக் கீறிச் செய்தால் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கீற வேண்டும், துளை போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பியில் மூன்று துளையிலேயே இரண்டையும் முடிக்கலாம் என்றார். அதற்கு முழு மயக்கம் வேண்டும், செலவும் கூடும் என்பதையும் மறைக்கவில்லை. தொப்புளுக்குக் கீழே ஒரு துளை, அதற்கு நேர் கீழே இரண்டு சிறு துளைகள். தசைக்குப் பின்னால் கரியமில வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கி, ஓட்டையை மறைக்கப் பக்கத்துக்கு ஒன்றாக 15க்கு 10 சென்டிமீட்டர் வலையை விரித்து வைத்தார்கள். பார்க்கக் கொசுவலை மாதிரிதான் இருக்கிறது. காலப்போக்கில் நம் சதையே அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளுமாம்.

காலையில் ஆபரேஷன், மாலையில் எழுந்து நடந்தேன். ஆனால் சிறுநீர் போகவில்லை. அது போகாமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று நர்ஸ் உறுதியாகச் சொல்லிவிட்டார். என் வயதில் இது வரக்கூடியதுதான், போகாவிட்டால் குழாய் வைப்போம் என்றார்கள். வராந்தாவில் நடந்து நடந்து இரவு பத்து மணிக்குப் போனது. மறுநாள் காலை பஸ் ஏறினோம்.

கிளம்பும் முன் டாக்டரம்மா மனைவியையும் உட்கார வைத்துப் பேசினார். காயத்தைத் தினமும் ஒரே இடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வீக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று அந்த நாணயத்தை வைத்துத்தான் அவர் கணக்குப் பார்ப்பார். ஆனால் காய்ச்சல், விடாத வாந்தி, சீழ், கல் மாதிரி இறுகி வலிக்கிற வீக்கம், சிறுநீர் அடைப்பு, இதில் எது வந்தாலும் படம் எடுக்க வேண்டாம், எனக்குப் போன் போட்டுக் காத்திருக்கவும் வேண்டாம், நேரே தேனி பக்கத்து க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார். மனைவி அதைக் காலண்டரில் எழுதித் தொங்கவிட்டாள்.

மூன்றாம் நாள் மலச்சிக்கல். வீடியோவில் பார்த்துப் பேதி மருந்து எழுதி அனுப்பினார். போனில் வந்த சீட்டுக்கு மருந்து தரக் கடைக்காரர் தயங்கினார். 2020 மார்ச்சில் மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கு விதிமுறை போட்டதையும், சீட்டில் இருந்த மருத்துவரின் பதிவு எண்ணையும் கையெழுத்தையும் மகள் காட்டிய பிறகு கொடுத்தார்.

ஆறாம் நாள்தான் நான் உடைந்து போனேன். வலது பக்கம், அதே இடத்தில், மறுபடியும் வீக்கம். வலை பிய்ந்துவிட்டது, எல்லாம் வீண் என்று அழுகையே வந்தது. டாக்டரம்மா இரவு வீடியோவில் வந்தார். மனைவியை டார்ச் அடிக்கச் சொன்னார், வீக்கத்தின் மேல் கை வைக்கச் சொன்னார். "இருமுங்கண்ணா. கையில முட்டுதாம்மா?" இல்லை. படுக்கச் சொன்னார். சுருங்கியதா? அதுவும் இல்லை, அதே அளவு. காய்ச்சலும் இல்லை. குடல் இறங்கியிருந்தால் இருமும்போது முட்டும், படுத்தால் பெரும்பாலும் உள்ளே போகும். இது குடல் முன்பு இருந்த வெற்றிடத்தில் சேர்ந்த நீர், உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், அவசரப்பட்டு ஊசி குத்தி எடுத்தால் வலைக்குக் கிருமி போகும் என்று நிதானமாக விளக்கினார். அப்படியும் அதிலிருந்து நான்காம் நாள் மதுரைக்கு வரச்சொல்லி, கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் "சரி" என்றார். ஏழாவது வாரம் வீக்கம் இருந்த இடமே தெரியவில்லை.

இப்போது மறுபடி கடைக்குப் போகிறேன். போன வாரம் எதிர்க்கடை அண்ணன் குனிந்தபோது சட்டைக்குக் கீழே அதே பெல்ட் தெரிந்தது. எத்தனை வருடமாகக் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். நான்கு என்றார். வரும் திங்கட்கிழமை காலை மதுரை பஸ்ஸில் நானும் அவர்கூடப் போகிறேன்.