நேர், நிரை, அருந்ததி

விளையாட்டு விழாவைப் பற்றியும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் இந்த மலரில் எழுத நம் பழைய மாணவர் சங்கத்தில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் வகுப்பறைக்குள்ளேயே இருந்துவிடுகிறேன். தமிழ் வழியில் படித்த நமக்குக் கணக்கில் இரும எண், விலங்கியலில் இருசமப் பிளவு, வானியலில் இரட்டை விண்மீன் என்று துறைக்கொரு பெயர். எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘பைனரி’ என்ற ஒரே அடைமொழிதான் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் நமக்குத் தெரிந்தது. தெரியாமல் இருந்ததும் நல்லதற்கே. இவையெல்லாம் ஒரே சங்கதி என்று நினைத்துக் குழம்பாமல் தப்பித்தோம்.

இவற்றில் எனக்கு முதலில் பிடிபட்டது தமிழ் ஐயா நடத்திய யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம். அசை இரண்டே வகை: நேர், நிரை. ஈரசையில் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு சீர். மூவசையில் காயும் கனியுமாக எட்டு. நாலசையில் பூவும் நிழலுமாகப் பதினாறு. “உருப்போடாதே கண்ணு, ஓர் அசை கூடினால் வாய்பாடு இரட்டிக்கும், நீயே எழுதிப் பார்” என்பார். அடுத்த பாடவேளையில் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் 1, 2, 4, 8, 16 என்று எழுதுவார். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நடத்தியதாகத் தெரியவில்லை. நேருக்கு 0, நிரைக்கு 1 என்று வைத்துப் பாருங்கள். கருவிளங்காய் நிரை நிரை நேர், அதாவது இரும எண்ணில் 110 (இலக்கங்களின் மதிப்பு இடமிருந்து 4, 2, 1). நம் கணக்கில் ஆறு. கூவிளங்கனி 011, மூன்று. ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் இரும எண் கணக்கைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டது 1703இல். நம் ஐயாவுக்கு அவர் பெயர் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். தெரிந்திருந்தாலும் பெரிதாக அசந்திருக்க மாட்டார்.

சென்னிமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதே கணக்கு வீட்டுத் தறியில் இருந்தது. தறியின் ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டை வந்து நிற்கும். துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் ஊசி தள்ளப்பட்டு நூல் கீழேயே கிடக்கும். பூவோ மயிலோ, எல்லாம் இந்த ‘உண்டு, இல்லை’யில் விழுவதுதான். பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1800களின் தொடக்கத்தில் உருவாக்கிய தறி அது. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹாலரித் துளையட்டைகளையே பயன்படுத்தினார். கணினி அந்த வழியில் வந்தது.

இதுவரை சொன்னவை ஒரு குடும்பம். இரண்டில் ஒன்றுதான் இருக்கும், மற்றது இருக்காது. இரட்டை விண்மீன் இதற்கு நேர்மாறு. அங்கே இரண்டும் இருந்தே ஆக வேண்டும். முகூர்த்தத்தில் பட்டப்பகலில் காட்டுகிறார்களே அருந்ததி, அதை ஒரு நாள் இரவில் பார்க்கச் சொன்னவர் இயற்பியல் ஆசிரியர். வசிட்டர் என்ற விண்மீனுக்குப் பக்கத்தில் அருந்ததி மங்கலாகத் தெரியும். தொலைநோக்கியில் பார்த்தால் வசிட்டரே இரண்டாகப் பிரிவார். அவற்றில் பிரகாசமானதும் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள் என்பதை 1889இல் வானியலாளர் பிக்கரிங், ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலையைக் கொண்டு கண்டுபிடித்தார். பார்வைக்கு அருகருகே தெரிவது வேறு, ஈர்ப்பால் கட்டுண்டு சுற்றுவது வேறு. இந்த வேறுபாட்டை வில்லியம் ஹெர்ஷல் 1800களின் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிட்டார். புரோகிதர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் மணமக்களுக்குப் பயன்படும்.

வேதியியலும் இந்தக் குடும்பம்தான். தண்ணீரில் மூன்று அணுக்கள் இருந்தும் தனிமங்கள் இரண்டே என்பதால் அது இருமச் சேர்மம். மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லில் கால்சியம், கார்பன், ஆக்சிஜன் என மூன்று தனிமங்கள். ஆகவே அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அதையே சூளையில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பும் கரியமில வாயுவும் கிடைக்கும். இரண்டுமே இருமச் சேர்மங்கள். மதிப்பெண்ணுக்காக வைத்த கேள்விதான், ஆனால் அழகான கேள்வி.

அமீபா எந்தக் குடும்பத்திலும் சேராது. இருசமப் பிளவில் ஒன்று இரண்டாகிறது, பெற்ற தாய் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. பாகம் பிரித்த பங்காளிகள் இவ்வளவு சுமுகமாகப் பிரிந்து நான் பார்த்ததில்லை.

இப்போது யாராவது பிடிவாதமாகப் பேசினால், ‘எல்லாவற்றையும் பைனரியாகப் பார்க்கிறார்’ என்கிறார்கள். கருப்பு அல்லது வெள்ளை என்று பொருளாம். இரும எண்ணின் மீது வீண் பழி. எட்டு இலக்கம் சேர்ந்தால் கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகள் கிடைக்கின்றன. ஒரே இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டால்தான் வம்பு. மலருக்குப் பழைய குழுப்படங்களை ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கருவியில் ‘கருப்பு வெள்ளை’ என்ற தெரிவை அழுத்தாதீர்கள், சாம்பல் நிறத் தெரிவை அழுத்துங்கள். போன மலரில் வந்த ஒரு படத்தில் கடைசி வரிசையில் நின்றவர்களுக்கு முகமே இல்லை. அந்த வரிசையில் நானும் இருக்கிறேன்.