மூன்று பித்தளைக் குழாய்களும் ஒரு தேய்பிறை அஷ்டமியும்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் புதிதாக மூன்று பேர் குடியேறியிருக்கிறார்கள். காமாட்சியம்மன் படத்துக்கும் திருப்பதிப் பெருமாளுக்கும் நடுவில், வெற்றிலை மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவரும் பித்தளை. ஒருவருக்கு மூக்கு நசுங்கியிருக்கிறது. மூவரும் தண்ணீர்க் குழாய்கள். இவர்களுக்காக நான் 420 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அதில் ஒருவர் என் சொந்த வீட்டுக் குழாய்!

வாசல் குழாய் ஆடி மாதத்திலிருந்தே ஒழுகிக்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. சைக்கிள் ட்யூப்பை வெட்டி இறுக்கிக் கட்டினேன். ஒழுகல் நிற்கவில்லை, திசை மட்டும் மாறி நேராகக் கோலத்தின் மேல் விழ ஆரம்பித்தது. "ஒண்ணு ஆளைக் கூப்பிடுங்க, இல்லேன்னா அங்கயே நாத்து நடுங்க" என்றாள் வீட்டுக்காரி. ஆளைக் கூப்பிட்டேன். ஒன்பது முறை கூப்பிட்டேன். "நாளைக்கு வர்றேண்ணா" என்று ப்ளம்பர் தம்பி சொல்லும் விதம் இருக்கிறதே, தாலாட்டு மாதிரி இருக்கும். கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவேன்.

அப்படிப்பட்டவர் போன ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் வாயில் பிரஷ்ஷோடு நிற்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பத்தே நிமிடத்தில் பழையதைக் கழற்றி, பளபளவென்று ஒரு ஸ்டீல் குழாயை மாட்டிவிட்டார். கால் திருகு திருகினால் போதுமாம். பழைய பித்தளைக் குழாய் என் கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் "பழைய இரும்பு, ஈயம், பித்தளை, பேப்பரே..." என்று குரல். சின்னவனின் போன வருடத்து நோட்டுகளையும் சேர்த்துப் போட்டேன். கைக்கு 110 ரூபாய் வந்தது. நானும் ப்ளம்பர் தம்பியும் சுடச்சுடக் கார போண்டா சாப்பிட்டோம்.

அன்று தேய்பிறை அஷ்டமி. அம்மா விடியற்காலையிலேயே அதியமான்கோட்டைக் காலபைரவரைப் பார்க்கப் போயிருந்தாள். சாம்பல் பூசணியை இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்கேற்றும் கூட்டத்தில் இடிபட்டுக் கரைபட்டு, பதினோரு மணிக்குத்தான் திரும்பினாள். கைக்கு வந்த நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்த அதியமான் ஊரிலிருந்து வருகிறவளுக்கு, பெற்ற பிள்ளை ஒரு போண்டாகூட மிச்சம் வைக்கவில்லை. அது தனிக் குற்றம். அன்றைக்கு அந்த வழக்கு விசாரணைக்கே வரவில்லை.

கால் கழுவக் குழாயடிக்குப் போனவள் அப்படியே நின்றாள்.

"இங்க இருந்தவங்க எங்கடா?"

இருந்தவங்க! யாரோ வாடகைக்குக் குடியிருந்தவர்களைக் கேட்கிற மாதிரி.

அம்மாவைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. டவுன் பஸ்ஸில் ஏறும்போது படிக்கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், பின்னால் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். சேலத்துக்குப் போனால், தொப்பூர் கணவாயை இறங்கி முடித்ததும் டிரைவரின் முதுகைப் பார்த்து ஒரு கும்பிடு. காலியான சிலிண்டரை அனுப்பும்போது "போயிட்டு வா" என்று வழியனுப்புவாள். கரண்டு போய் வந்தால் டிரான்ஸ்பார்மர் இருக்கும் திசையில் கை தூக்குவாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி பிரிட்ஜ் வரைக்கும் போகும். மிக்ஸிக்குப் பொட்டு வைத்து வைத்து அது எந்தக் கம்பெனி என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. இத்தனை கும்பிட்டாலும் எதுவும் கேட்க மாட்டாள். ஒருமுறை பைரவரிடம் என் பதவி உயர்வைப் பற்றி ஒரு வார்த்தை போடச் சொன்னேன். "கேட்டு வாங்குறதுக்கு அது என்ன ரேஷன் கடையா? வந்ததைச் சொல்லிட்டு வரத்தான் போறேன்" என்றாள். பதவி உயர்வு வரவில்லை. வராததையும் போய்ச் சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் கும்பிடு வரிசையில் வாசல் குழாய்க்குத்தான் முதல் மரியாதை. தினமும் மஞ்சள் குங்குமம். தண்ணீர் வரும் நாளில் முதல் சொம்பைப் பிடித்து, குடிக்காமல், துளசிக்கு ஊற்றுவாள். அதைத்தான் நான் போண்டாவுக்குப் போட்டுவிட்டேன்.

"வண்டியை எடு" என்றாள்.

வண்டியை எடுப்பதற்குள் தண்ணீர்க் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அம்மா பிறந்தது பென்னாகரத்துக்கு உள்ளே ஒரு கிராமம். ஒகேனக்கல்லுக்குப் பக்கத்து ஊர்க்காரி என்றால் காவிரியில் நீந்தி வளர்ந்தவள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஆறு கீழே பாறைப் பள்ளத்தில் கிடக்கிறது, ஊர் மேட்டில் கிடக்கிறது. ஊரே ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் போய் முழுகிவிட்டு, குடிக்க மட்டும் வீட்டுக்கு வந்து கிணற்றுத் தண்ணீர் குடித்தது. அப்புறம் அடிபம்பு. அப்புறம் போர். எங்கள் பக்கத்துப் பாறையில் இருக்கும் ஃப்ளோரைடு தண்ணீரில் கரைந்து வரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. எங்கள் ஊர்க் கிணறுகள் இந்தக் கணக்கைக் கேட்டால் வாய்விட்டுச் சிரிக்கும். அவற்றுக்கென்ன, பல்லா இருக்கிறது?

எங்களுக்குத்தான் இருந்தது. மஞ்சளாக, பழுப்பாக, பட்டை பட்டையாக. தேய்த்தால் போகாது, சாம்பலுக்கும் போகாது, செங்கல் பொடிக்கும் போகாது. அம்மா சிரித்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். கல்யாண போட்டோவில் இறுக்கி மூடிய வாயோடு நிற்பாள். பார்ப்பவர்களுக்கு விருப்பமில்லாத கல்யாணம் மாதிரி இருக்கும். (அப்பாவுக்கும் அதே வாய்தான். அவர் பாப்பாரப்பட்டி.)

நான் 1998-ல் மெட்ராசுக்கு ஒரு வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்ன பிறகு, அந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி பாக்கு போடுவீங்களோ?" என்றார். "இல்ல சார், தர்மபுரி சார்" என்றேன். அவர் அதை ஏதோ ஒரு பாக்கின் பெயர் என்றே நினைத்துக்கொண்டார். வேலை கிடைக்கவில்லை. பெண் பார்க்கப் போனபோது மாமனார் அருகில் வந்து உட்கார்ந்து, பேசுகிற சாக்கில் மோந்து பார்த்தார். அவர் சேலத்துக்காரர், மேட்டூர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த வெள்ளைப் பல். அவருக்கு எங்கே புரியப்போகிறது?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனில், சுமார் 1,900 கோடி ரூபாய்ச் செலவில், 2013-ல் திறந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து. திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் என்ற சொல்லும் உண்டு, ஃப்ளோரைடால் பல் இப்படிக் கெடுவதற்கு அதுதான் பெயர். எங்கள் பல்லுக்கு அரசாங்கம் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் தெருவுக்குக் குழாய் கொஞ்சம் தாமதமாக வந்தது. 46 கிலோமீட்டர் தாண்டிக் காவிரி வந்து, எங்கள் வீட்டு வாசலில் அந்தப் பித்தளை மூக்கு வழியாக விழுந்தது.

சரி, வண்டிக்கு வருவோம். டிவிஎஸ் ஃபிப்டி. பின்னால் அம்மா. நான்கு ரோட்டைத் தாண்டும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"தண்ணி வந்த நாள்லேர்ந்து அதுக்குப் பொட்டு வச்ச, சரி. இனிமே புதுசுக்கு வையேன். உள்ள வர்றது அதே தண்ணிதானே?"

"தண்ணி வந்த அன்னிக்கு எவ பொட்டு வச்சா?"

"நீதான்."

"நான் வைக்கல. பைப்பு நட்டுட்டாப்ல ஆச்சா? நம்மளை எத்தனை பேரு ஏமாத்தியிருக்கான். பார்க்கலாம்னு இருந்தேன்."

"என்னத்தைப் பார்க்கலாம்னு?"

"பாப்பாவுக்குப் பல்லு மொளைக்கட்டும்னு."

பெரியவள் பிறந்தது 2013. கொரோனா நேரத்தில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது அவளுக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. நிலைத்து நிற்கும் பல் ஈறுக்குள் உருவாகும் வயதில் என்ன தண்ணீர் குடித்தோமோ, அதன் தீர்ப்பு பல் வெளியே வரும்போதுதான் தெரியும். அதுவரைக்கும் யாரும் எதுவும் செய்ய முடியாது. அந்த மாதங்களில் தினமும் சாயங்காலம் அம்மா அவளை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போய், "ஈ காட்டு" என்று, ஐந்நூறு ரூபாய் நோட்டைத் தூக்கிப் பார்ப்பது போலப் பார்ப்பாள். எனக்கு நினைவிருக்கிறது. பொழுது போகாமல் பேத்தியோடு விளையாடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"மொதல்ல கீழ் ரெண்டு வந்துச்சு. நம்பல. மேல முன்பல்லு ரெண்டும் முழுசா எறங்கட்டும்னு இருந்தேன். எறங்குச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பச்சரிசியாட்டம் இருந்துச்சுடா. அன்னிக்குத்தான் போயி வச்சேன், பொட்டு."

நான் ஒன்றும் பேசவில்லை. ஸ்பீடு பிரேக்கர் ஒன்றைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். "மனுசி ஒக்காந்திருக்கறது தெரியலயா" என்று முதுகில் ஒன்று விழுந்தது.

வண்டிக்காரர் சரக்கை இறக்கும் பழைய இரும்புக் கடையை விசாரித்துப் பிடித்தோம். அதற்குள் எங்கள் குழாய் பித்தளைச் சாக்குக்குள் போய்விட்டது. கடைக்காரர் நல்ல மனிதர், சலித்துக்கொள்ளாமல் சாக்கைத் தரையில் கவிழ்த்தார். உடைந்த குத்துவிளக்கு, மணியின் நாக்கு, பூட்டு, வால்வு எல்லாம் உருண்டன. அதில் குழாய்கள் ஏழெட்டு. அவற்றில் மூன்றின் நெற்றியில் குங்குமம்.

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. எங்கள் வீட்டில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நாற்பத்தொன்பது வயது வரை வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"பொட்டோட வர்றதெல்லாம் சகஜம்மா" என்றார் கடைக்காரர். "போன மாசம் ஒரு போர் மோட்டார் மாலையோட வந்துச்சு. எடை போடக் கையே வரல. மாலையைக் கழட்டித்தான் போட்டேன்."

எது எங்களுடையது என்று அம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் திருகிப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "ஏதாவது ஒண்ணை எடும்மா, எல்லாம் ஒரே காவிரிதான்" என்றேன். அப்படிச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"அதான். மூணையும் எடுத்துக்க. எந்த வூட்டுக்காரி கும்பிட்டதோ."

கடைக்காரர் தராசில் வைத்தார். நான் போட்டபோது ஒரு விலை, எடுக்கும்போது ஒரு விலை. பித்தளை காலையிலிருந்து மதியத்துக்குள் இப்படி ஏறும் என்று தெரிந்திருந்தால் நான் வேலைக்கே போயிருக்க மாட்டேன். 420 ரூபாய். "சாமி காரியம், பேரம் பேசாத" என்றாள் அம்மா, கடைக்காரர் காதில் விழும்படி. அவருக்கும் ஒரு கும்பிடு போட்டாள். அவர் பதறிப்போய் எழுந்து நின்றார்.

வீட்டுக்கு வந்து மூன்றையும் புளி போட்டுத் தேய்த்தாள். தேய்த்ததும் நசுங்கின மூக்குக்காரரைத் தவிர மற்ற இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிட்டன, இனி எந்த ஜென்மத்திலும் அடையாளம் தெரியாது. பெரியவள் அலமாரியைப் பார்த்துவிட்டு, "பாட்டி, இதுல எதைத் திறந்தா தண்ணி வரும்?" என்றாள். அம்மா சிரித்தாள். வழக்கம்போல முந்தானை வாய்க்குப் போயிற்று. பாட்டி எதற்கு வாயை மூடிக்கொள்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் முப்பத்திரண்டும் தெரிய நின்று சிரித்துக்கொண்டிருந்தாள், முப்பத்திரண்டு இன்னும் வரவில்லை, இருக்கிறவரைக்கும்.

செவ்வாய்க்கிழமை அதிகாலை தண்ணீர் வந்தது. ஸ்டீலில் குங்குமம் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி ஓடிவிட்டது. அம்மா இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு முகம் வாடி உள்ளே வந்தாள். எட்டு மணிக்கு நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது பார்த்தால், குழாயின் நெற்றியில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. இந்த வீட்டில் ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற ஒரே ஆள் என் வீட்டுக்காரி. கேட்டேன். "யாரு, நானா?" என்று மாவு கரைக்கப் போய்விட்டாள்.

பொட்டுக்குக் கீழே சொட்டு. புதுக் குழாயும் ஒழுகுகிறது. ப்ளம்பர் தம்பிக்குப் போன் செய்தேன். நாளைக்கு வருகிறாராம். அதுவரைக்கும் அடியில் அம்மா ஒரு சொம்பு வைத்திருக்கிறாள், நிறைந்தால் துளசிக்கு.