சேர் கையில் வைத்த சொல்

நாங்கள் ‘சேர்’ என்று அழைத்த எங்கள் ஆங்கில ஆசிரியர் காலமான செய்தியைச் சென்ற மாதம் நண்பன் ஒருவன் தொலைபேசியில் சொன்னான். பள்ளி மலருக்கு எதை எழுதுவது என்ற யோசனை அத்தோடு முடிந்துவிட்டது.

1979, எட்டாம் வகுப்பு. காலை வழிபாட்டில் வாசித்த வசனத்தை முதற்பாடத்தில் தமிழில் சொல்ல வேண்டும். சேரிடம் படித்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். அன்று வேதாகமத்தின் மாற்கு 10:14, இயேசுவின் கூற்று. ஆங்கிலத்தில் ‘சஃபர்’ என்ற வினைச்சொல்லோடு அந்தக் கூற்று தொடங்கும். சஃபர் என்றால் துன்பப்படுவது. நான் அறிந்தது அவ்வளவுதான். எழுந்து நின்று, “சிறு பிள்ளைகளே, என்னிடம் வந்து துன்பப்படுங்கள்” என்றேன். வகுப்பே சிரித்தது. பக்கத்து வகுப்பிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சேர் சிரிக்கவில்லை. என்னை முன்னே அழைத்து, இரு கைகளையும் நீட்டச் சொல்லி, திருத்தக் கிடந்த கொப்பிகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். கொப்பிகள் என் நாடியைத் தொட்டன. முழங்கை நடுங்கியது.

“இப்போது என்ன செய்கிறாய்?”

“தாங்குகிறேன் சேர்.”

“அதுதான் தம்பி, சஃபர்.”

லத்தீனில் ‘சுப்’ என்றால் கீழே, ‘ஃபெர்ரே’ என்றால் சுமப்பது. கீழே நின்று சுமப்பதே அந்தச் சொல்லின் வேர். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. வலியைச் சுமப்பவன் துன்பப்படுகிறான். பிறர் செய்வதைத் தாங்கிக்கொள்பவன் அதைச் செய்ய விடுகிறான். 1611இல் வெளியான, ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில வேதாகமத்தில் இந்த இரண்டாவது பொருள் நிறைய வரும். பிள்ளைகளை வரவிடுங்கள் என்பதிலும் அதே சொல். யாத்திராகமம் 22:18இல் சூனியக்காரியை வாழ விடாதே என்ற கொடிய கட்டளையிலும் அதே சொல். இன்றைய பேச்சில் அந்தப் பொருள் ஏறக்குறைய மறைந்து, துன்பம் மட்டும் எஞ்சிவிட்டது.

கரும்பலகையில் ‘பொறு’ என்று எழுதினார். பாரத்தைத் தாங்குவதும் பொறுத்தல், வலியைச் சகிப்பதும் பொறுத்தல், பிழையை மன்னிப்பதும் பொறுத்தல். பிறகு தமிழ் வேதாகமத்தைத் திறந்து ‘இடங்கொடுங்கள்’ என்ற சொல்லில் விரலை வைத்து, என்னையே வாசிக்கச் சொன்னார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

1984இல் இலண்டனுக்கு வந்தேன். சில ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயரின் நிலச் சட்டம் பற்றிய நூலொன்றில் அந்தச் சொல்லின் பிள்ளையைக் கண்டேன்: ‘சஃபரன்ஸ்’. குத்தகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவன் வீட்டில் இருக்கிறான். உரிமையாளர் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவனுடைய இருப்புக்குச் சட்டம் வைத்த பெயர் அது. விசா முடிந்து, உள்துறை அமைச்சின் பதிலுக்காக நான் காத்திருந்த காலம் அது. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சேருக்கு எழுத வேண்டும் என்று அன்றே ஏரோகிராம் எனும் வான் அஞ்சல் தாள் வாங்கினேன்.

முகவரியை மட்டும் எழுதினேன். புறப்படுவதற்கு முதல்நாள் பள்ளி வாசல்வரை போயும், இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்ற நினைப்பில் உள்ளே போகாமல் வந்தவன் நான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த நீலத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.